நாற்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவே

அக்கா பல் செட் செய்பவள். மருத்துவர்கள் அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு, யாரென்றே தெரியாதவர்களின் வாய்க்குள் சரியாகப் பொருந்தும் பற்களைச் செய்து கொடுப்பது அவள் தொழில். மூன்று வருடங்களாக அந்தத் தொழில் தங்கையின் சமையலறையில் நடந்துகொண்டிருந்தது. சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு மேல்தாடை இருக்கும். ஜன்னலோரம் நான்கைந்து கீழ்த்தாடைகள் காய்ந்துகொண்டிருக்கும். காலையில் தேநீர் போட வரும் தங்கையைப் பார்த்துக் குறைந்தது ஆறு பேர் சிரிப்பார்கள்.

தங்கை ஒரு சிறிய கம்பெனியில் புரோகிராமர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கமாவை விட்டுவிட்டாள். அதைக் கண்டுபிடிக்கும்வரை ஒரு நாள் முழுக்க மொத்தக் கம்பெனியும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அன்றிலிருந்து அங்கே அவள் பெயர் கமா. இரண்டே அறைகள் கொண்ட அவள் வீட்டில் அவளும் அவள் கணவனும், அக்காவும் அக்காவின் இரண்டு பெண்களும், மாதத்தில் பத்து நாள் லாரியிலிருந்து இறங்கி வரும் அக்கா வீட்டுக்காரரும் இருந்தார்கள். யாரும் யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை. அதுவே பெரிய கஷ்டமாக இருந்தது.

அக்கா அரசு வீட்டுக்கு விண்ணப்பித்திருந்தாள். குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை வருடக் காத்திருப்பு, இப்போதிருக்கும் இடம் எவ்வளவு என்று பார்த்து ஒவ்வொருவருக்கும் புள்ளி போடுவார்கள். புள்ளி அதிகமானவர் முன்னால், குறைவானவர் பின்னால். அக்காவுக்கு அறுபத்தொன்று. பட்டியலில் மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று பேர், வீடுகள் நூறு. பக்கத்துக்கு இருபது பேர். முதல் ஐந்து பக்கங்களில் இருப்பவர்களுக்கு வீடு உறுதி.

பட்டியலை ஒட்டிய அன்று அக்கா வேலை உடுப்போடு ஓடினாள். ஐந்து பக்கங்களையும் மேலிருந்து கீழாகப் பார்த்தாள், பிறகு கீழிருந்து மேலாகப் பார்த்தாள். அவள் பெயர் இல்லை. ஐம்பத்தெட்டுப் புள்ளிக்காரர்கள்கூட ஐந்தாம் பக்கத்தில் இருந்தார்கள். முகப்பில் இருந்த எழுத்தர் அவளுடைய விண்ணப்ப எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

"இருக்கீங்களேம்மா. அறுபத்தொண்ணு புள்ளி. தகுதி உண்டு. பட்டியல்ல சேர்க்கப்பட்டதுன்னு போட்டிருக்கு."

"எந்தப் பக்கம்?"

எழுத்தர் எட்டுப் பக்கங்களையும் புரட்டினார். பிறகு எழுந்து போய்க் கண்காணிப்பாளரைக் கூட்டி வந்தார். கண்காணிப்பாளர் எதையும் அவசரமாகச் செய்யாதவர். கிட்டப் பார்க்க ஒரு கண்ணாடி, எட்டப் பார்க்க ஒரு கண்ணாடி வைத்திருந்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு எட்டுப் பக்கங்களையும் அவரே பார்த்தார்.

"நீங்க பட்டியல்ல இருக்கீங்கம்மா, அதுல சந்தேகமே இல்ல. பக்கத்துலதான் இல்ல."

"பக்கமெல்லாம் சேர்ந்ததுதானே சார் பட்டியல்?"

"நானும் நேத்துவரைக்கும் அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேன்."

மொத்த எண்ணிக்கையாவது குறைகிறதா என்று வரிகளை எண்ணினார்கள். நூற்று நாற்பத்து மூன்று. கணக்கு சரியாக இருந்தது.

அக்கா வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னாள். கமா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அந்த அலுவலகத்துக்கு மென்பொருள் செய்து கொடுத்தது அவள் கம்பெனிதான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"அந்தப் பட்டியல் பக்கத்தை எழுதினது யாருடி, உனக்குத் தெரியுமா?"

"அது வேற ஒருத்தர்க்கா. வேலையை விட்டுப் போயிட்டாரு" என்றாள் கமா. கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள்.

மறுநாள் கம்பெனிக்குப் போனதும் அவள் முதல் வேலையாக, பட்டியலை அடுக்கத் தான் எழுதியிருந்த வரியைத் திறந்து பார்த்தாள். டேட்டாபேஸோடு அவள் நேரே பேசுவதில்லை. நடுவில் ஓ.ஆர்.எம். என்ற தரகன் ஒருவன் இருக்கிறான். விண்ணப்பங்களைப் புள்ளிப்படி அடுக்கு, இருபதைத் தாண்டு, அடுத்த இருபதை எடு என்று அவனிடம் சொன்னால், டேட்டாபேஸுக்குப் புரிகிற மாதிரி கேட்டு வாங்கி வந்து தருவான். கமா அவனிடம் சொன்னது அவ்வளவுதான். புள்ளி சமமாக இருந்தால் யாரை முன்னால் நிறுத்துவது என்று அவள் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. சோதனைக்காக அவள் போட்டுப் பார்த்த பத்துப் பேருக்கும் பத்து விதமான புள்ளிகள் இருந்ததால் அன்றைக்கு எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது.

இப்போது அறுபத்தொரு புள்ளியில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் இரண்டாம் பக்கத்தின் கடைசியிலும் மூன்றாம் பக்கத்தின் தொடக்கத்திலும் பரவிக் கிடந்தார்கள். கமா இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில், நாற்பதாவது ஆளாக, ஒரு பூட்டுக்காரர் இருந்தார். மூன்றாம் பக்கத்தின் முதல் வரியில், நாற்பத்தொன்றாவது ஆளாக, அதே பூட்டுக்காரர் இருந்தார்.

அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு பட்டியலின் பிரதியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரைப் பார்க்கப் போனாள். அக்காவின் தங்கை என்று சொல்லவில்லை. கம்பெனியிலிருந்து வந்திருப்பதாகவும், அந்த வரியை எழுதியது தான்தான் என்றும் மட்டும் சொன்னாள்.

"சார், ஒவ்வொரு பக்கத்தைத் திறக்கும்போதும் டேட்டாபேஸ் எல்லாரையும் புதுசா ஒரு தடவை வரிசையில நிறுத்துது. இரண்டாம் பக்கத்துக்காக நிறுத்தறப்ப பூட்டுக்காரர் நாற்பதாவது, இந்தம்மா நாற்பத்தொண்ணாவது. மூணாம் பக்கத்துக்காக நிறுத்தறப்ப ரெண்டு பேரும் இடம் மாறிடறாங்க. புள்ளி ஒண்ணா இருக்கறதால அது தன் இஷ்டத்துக்கு நிறுத்துது. அதனால அவர் ரெண்டு பக்கத்துலயும் வர்றாரு, இந்தம்மா ஒரு பக்கத்துலயும் வரல."

கண்காணிப்பாளர் கண்ணாடியை மாற்றிப் போட்டு யோசித்தார்.

"அதாவது, நாம ரெண்டாம் பக்கத்துல தேடறப்ப அவங்க மூணாம் பக்கத்துல இருக்காங்க."

"ஆமா சார்."

"மூணாம் பக்கத்துக்குப் போனா ரெண்டாம் பக்கத்துக்குப் போயிடறாங்க."

"ஆமா சார்."

"ஓரிடத்துல நிலையா இல்லாதவங்களுக்கு எப்படிம்மா வீடு தர்றது?"

"வீடு இல்லாததாலதான் சார் விண்ணப்பிச்சிருக்காங்க."

அவர் அதையும் யோசித்தார். நல்ல மனிதர். ஆனால் ஐந்து பக்கங்களிலும் கையெழுத்துப் போட்டிருந்தார். கையெழுத்தான பக்கத்தில் இருப்பவருக்கு வீடு என்பது விதி. அதன்படி பூட்டுக்காரருக்கு இரண்டு வீடுகள் போய்விட்டன, இரண்டாம் பக்கத்துக்கு ஐந்தாம் மாடியில் ஒன்றும் மூன்றாம் பக்கத்துக்கு இரண்டாம் மாடியில் ஒன்றும்.

"ஒரே ஒரு வரி சார். புள்ளி சமமா இருந்தா விண்ணப்ப எண் முன்னால இருக்கறவங்க முதல்லன்னு சேர்த்துட்டா முடிஞ்சுது. பத்து நிமிஷ வேலை."

"அது உங்களுக்குப் பத்து நிமிஷம். சமமா இருக்கறவங்கள்ல யார் முதல்லங்கறது அரசோட கொள்கை முடிவு. ஒரு புரோகிராமரும் நானும் டீ குடிச்சுக்கிட்டே முடிவு பண்ண முடியாது."

ஒரு குழு அமைக்கப்பட்டது. அதே கண்காணிப்பாளர், சட்டம் படித்த அதிகாரி ஒருவர், ஓய்வு பெற்ற நில அளவையர் ஒருவர். வாரம் ஒரு முறை கூடினார்கள். பெயரின் முதல் எழுத்துப்படி வைக்கலாம் என்றார் சட்ட அதிகாரி. அவர் பெயர் 'அ'வில் தொடங்குவதை மற்ற இருவரும் சுட்டிக்காட்டியதும் விட்டுவிட்டார். வயதுப்படி என்றால் இளையவர்கள் வழக்குப் போடுவார்கள். மூன்றாவது வாரம் நில அளவையர், பள்ளிக்கூடத்தில் நிறுத்துவதைப் போல உயரப்படி நிறுத்தினால் யாரும் தகராறு செய்ய முடியாது, அளந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். டேப் தன்னிடமே இருப்பதாகவும் சொன்னார்.

அறுபத்தொரு புள்ளிக்காரர்களுக்குப் பன்னிரண்டு அழைப்புகள் போயின. பக்கங்களைப் பார்த்துத்தான் அனுப்பினார்கள் என்பதால் அக்காவுக்கு வரவில்லை. பூட்டுக்காரருக்கு இரண்டு வந்தன. ஆனாலும் அக்கா போனாள். கமாவும் கூடப் போனாள். அலுவலக நடைவழியில் ஆட்கள் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்க, நில அளவையர் ஒவ்வொருவராக அளந்தார். பூட்டுக்காரர் ஐம்பது வயதைத் தாண்டியவர், வாயைத் திறந்து பேசவே கூச்சப்படுகிறவர். ஒரு முறை அளந்ததும் நன்றி சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார். இன்னொரு அழைப்பும் அவர் பெயரில் இருப்பதாக எழுத்தர் சொல்ல, மறுபடி கழற்றிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். இரண்டாவது அளவில் அவர் அரை அங்குலம் உயர்ந்திருந்தார்.

"என்னையும் அளங்க சார்" என்றாள் அக்கா.

நில அளவையர் தாளைப் பார்த்தார். "பன்னெண்டு ஆயிடுச்சேம்மா."

உயரம் கைவிடப்பட்டது. பூட்டுக்காரர் தன்னைவிட உயரமாக இருப்பதைக் குழுவால் எந்தப் பத்தியிலும் எழுத முடியவில்லை.

திரும்பும்போது படிக்கட்டில் பூட்டுக்காரரே வந்து பேசினார். "உங்க வீடுதானே எங்கிட்ட இருக்கு? எனக்கும் அது நிம்மதியா இல்லைங்க."

அவர் கதையே வேறு. பதினைந்து நாள் பூட்டிக் கிடந்தால் வீட்டை ரத்து செய்துவிடுவார்கள். அவருடைய விண்ணப்ப எண் ஒன்றுதான் என்பதால் ஒரு வீடு ரத்தானால் இன்னொன்றும் சேர்ந்தே போய்விடும். ஒன்றைத் திருப்பிக் கொடுப்பதற்கான படிவத்தில், 'இதன்பின் எனக்கு வேறு ஒதுக்கீடு இல்லை' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினால் பொய், எழுதாவிட்டால் படிவம் செல்லாது. ஆகவே அவர் ஐந்தாம் மாடியிலும் அவர் மனைவி இரண்டாம் மாடியிலும் குடியிருந்தார்கள். லிஃப்ட் பாதி நாள் ஓடாது.

"முப்பது வருஷம் கடைக்குப் பின்னால ஒரே அறையில இருந்தோம்" என்றாள் அவர் மனைவி, அன்று மாலை அக்காவும் கமாவும் பார்க்கப் போனபோது. "இப்ப இந்த மனுஷனைப் பார்க்கணும்னா மூணு மாடி ஏறணும். ஏறிப் போனா, எதுக்கு வந்தேங்கறதே மறந்துபோகுது."

"நீங்க வந்து மேல இருங்க" என்றார் பூட்டுக்காரர் அக்காவிடம். "ஆள் இருக்காங்களான்னு பார்க்க ஆய்வாளர் வந்தா நீங்கதான் நானுன்னு சொல்லிடுங்க. படிவத்துல பேர் கிடையாது, எண்ணும் தொழிலும் மட்டும்தான் இருக்கும்."

அக்கா கமாவைப் பார்த்தாள். கமா தரையைப் பார்த்தாள். ஒரு வாரம் யோசித்து, அக்கா தாடைகளையெல்லாம் பழைய துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பெண்களோடு ஐந்தாம் மாடிக்குப் போனாள்.

அவள் போன மூன்றாம் நாளே ஆய்வாளர் வந்தார். ஒல்லியான ஆள். படியேறியதில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கமா அன்று விடுப்பில் அங்கேதான் இருந்தாள்.

"விண்ணப்ப எண் ஆயிரத்து எழுபத்தாறு, பூட்டுத் தொழில். அவர் இருக்காரா?"

"நான்தான்" என்றாள் அக்கா.

"ஆம்பளைன்னு நெனச்சேன்."

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கறாங்க."

ஆய்வாளர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். ஜன்னலோரத்தில் ஏழு தாடைகள் வரிசையாக இருந்தன. "இதெல்லாம்?"

"பக்கத் தொழில்."

அவர் குறித்துக்கொள்ளத் தன் கைப்பெட்டியை எடுத்தார். அதன் பூட்டு திறக்கவில்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டு, நல்ல இடத்துக்குத்தான் வந்திருக்கிறோம் என்பதைப் போல அதை அக்காவிடம் நீட்டினார். கமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா பெட்டியை மடியில் வைத்து, காதைக் கிட்டக் கொண்டுபோனாள். கடைவாய்ப் பல்லின் குழிகளை மெழுகில் செதுக்கும் மெல்லிய கம்பியை விட்டு, பத்து எண்ணுவதற்குள் திறந்து கொடுத்தாள். இருபது வருடங்களாக மற்றவர் வாய்க்காக இம்மி பிசகாமல் வேலை செய்த கை அது. உள்ளே படிவக் கட்டும் ஒரு வாழைப்பழமும் இருந்தன.

'விண்ணப்பதாரர் நேரில் இருந்தாரா' என்ற கேள்விக்கு எதிரே ஆய்வாளர் 'ஆம்' என்பதை வட்டமிட்டார். பிறகு இறங்கி இரண்டாம் மாடிக்குப் போனார். அங்கே கதவைத் திறந்தது உண்மையான பூட்டுக்காரர். அவரும் நான்தான் என்றார். ஆய்வாளர் வாசலிலிருந்தே மேலே ஒரு முறை பார்த்தார், படிவத்தை ஒரு முறை பார்த்தார் என்று பூட்டுக்காரரின் மனைவி பிறகு சொன்னாள். படிவத்தில் ஆம், இல்லை என்ற இரண்டைத் தவிர வேறு எதற்கும் இடம் இல்லை. அவர் ஆம் என்பதை வட்டமிட்டுவிட்டுப் போனார்.

அந்த அறிக்கை குழுவின் முன்னால் வைக்கப்பட்டது. ஒரே விண்ணப்பதாரர் ஒரே நேரத்தில் இரண்டு வீடுகளிலும் நேரில் இருந்திருக்கிறார் என்பதில் சட்ட அதிகாரி விதிமீறல் எதையும் காணவில்லை. ஆனால் கண்காணிப்பாளர் இரண்டு கண்ணாடிகளையும் மாற்றிப் போட்டுப் படித்துவிட்டு, இதை இதற்கு மேல் வளரவிடக் கூடாது என்று முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். ஆறாவது வாரம், புள்ளி சமமாக இருந்தால் விண்ணப்ப எண்ணில் முந்தியவரே முதலில் என்று தீர்மானம் நிறைவேறியது. கமா அந்த வரியைச் சேர்த்தாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

புதிய பட்டியலில் அக்கா நாற்பதாவது ஆள், இரண்டாம் பக்கத்தின் கடைசி வரி. பூட்டுக்காரர் நாற்பத்தொன்று, மூன்றாம் பக்கத்தின் முதல் வரி. இரண்டாம் பக்கத்துக்கு உரிய ஐந்தாம் மாடி வீடு அக்காவுக்கு வந்தது.

கூடவே இரண்டு கடிதங்களும் வந்தன. முதலாவது, ஐந்தாம் மாடியில் குடியிருந்து வரும் பூட்டுக்காரர் வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சாமான்களோடு வெளியேற வேண்டும் என்றது. இரண்டாவது, அதே நாள் பதினொரு மணிக்கு அக்கா சாமான்களோடு வந்து குடியேற வேண்டும் என்றது.

"நான் அங்கேயேதானே இருக்கேன்" என்றாள் அக்கா, கடிதங்களோடு அலுவலகத்துக்குப் போய்.

"பூட்டுக்காரரா இருக்கீங்க" என்றார் கண்காணிப்பாளர் வருத்தத்தோடு. "ஆய்வாளர் பதிவு பண்ணியிருக்கார். நீங்க வெளியேறினாத்தான் நீங்க உள்ள போக முடியும்."

திங்கட்கிழமை பத்து மணிக்கு அக்கா, கமா, இரண்டு பெண்கள், பூட்டுக்காரர், அவர் மனைவி எல்லோருமாகக் கட்டில், மெத்தை, அடுப்பு, தாடைகள் அனைத்தையும் வெளியே கொண்டுவந்தார்கள். லிஃப்ட் ஓடவில்லை என்பதால் நான்காம் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்தில் அடுக்கினார்கள். அக்கா சாவியைக் கொடுத்தாள். ஆய்வாளர் வாங்கிக்கொண்டு, காலி வீட்டைப் பூட்டிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கதவருகிலேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

பெண்கள் பூட்டுக்காரர் வீட்டுக்குத் தண்ணீர் குடிக்கப் போனார்கள். சுருட்டிய மெத்தையின் மேல் அக்காவும் கமாவும் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். கமாவுக்கு இனியும் தாங்க முடியவில்லை.

"அக்கா, அதை எழுதினது நான்தான்."

"எதை?"

"அந்தப் பட்டியலை. வேற ஒருத்தர்னு சொன்னது பொய். ஒரு வரியை விட்டது நான்தான்."

அக்கா தாடைகள் இருந்த துணி மூட்டையை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள்.

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"இரண்டாவது வாரமே கண்காணிப்பாளர் சொல்லிட்டாரு. எழுதின பொண்ணே நேர்ல வந்து ஒத்துக்கிட்டா, இப்ப எல்லாம் யாரு அப்படி ஒத்துக்கறான்னு. சின்ன உருவம், பேசறப்ப சட்டை நுனியைத் திருகிட்டே இருந்தான்னு சொன்னாரு. வேற யாரு?"

"அப்ப ஏன் ஒரு வார்த்தை கேட்கல?"

"மூணு வருஷம் உன் வீட்ல, உன் அடுப்புல, மெழுகு உருக்கியிருக்கேன். நீ ஒரு வார்த்தை கேட்டியா?"

கமா அழுதாள். அக்கா அழவில்லை. சட்டை நுனியிலிருந்து கமாவின் கையை மட்டும் எடுத்துவிட்டு, "போதும், துணி கிழிஞ்சிடும்" என்றாள்.

பதினொரு மணிக்கு ஆய்வாளர் மேலிருந்து குரல் கொடுத்தார். அக்கா ஏறிப் போய் அவர் முன்னால் நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

"இங்க இருந்தவங்க?"

"போயிட்டாங்க" என்றாள் அக்கா.

அவர் தலையாட்டிவிட்டு ஒரு படிவத்தைக் கொடுத்தார். முன்பு குடியிருந்தவர் வீட்டை நல்ல நிலையில் விட்டுச் சென்றாரா என்று கேட்டிருந்தது. அக்கா வீட்டுக்குள் போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்துவிட்டு வந்தாள். குளியலறைக் குழாய் அவள் வந்த நாளிலிருந்தே ஒழுகிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பொய் எழுத மனம் வரவில்லை. 'குழாய் ஒழுகுகிறது. முன்பிருந்தவர் கவனிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம், முன்பு குடியிருந்தவர் என்ற முறையில் குழாயைச் சரிசெய்து தரும்படி பூட்டுக்காரருக்கு அறிவிப்பு வந்தது. அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு ஸ்பானரோடு மூன்று மாடி ஏறி வந்தார். குழாயைக் கழற்றி வாஷரை மாற்றினார். போகும்போது அக்காவிடம், இன்னும் கொஞ்சம் கவனமாக இருந்திருக்க வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார்.